மழை தப்பினால் யாரைக் கேட்பது?



காவிரிப் படுகையில் இருக்கும் எங்கள் ஊர் கிளை நூலகத்தில், வாசகர் வட்டத்தோடு சேர்ந்து எங்கள் இயற்கை உழவர் குழு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் பேச்சு நடத்துகிறது. முதல் கூட்டத்துக்குத் தலைப்பு ‘காலநிலை மாற்றமும் நம்ம வயலும்’. பேசும் பொறுப்பு எனக்கு. இருபது பேர் வந்தார்கள். ஒரு கரும்பலகை, ஒரு பானைத் தண்ணீர், கூட்டம் முடிந்ததும் சுக்குக் காபி. அவ்வளவுதான் ஏற்பாடு.

ஒரு மணி நேரம் பேசி முடித்தேன். பின்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார். நாற்பது வருஷமாகச் சம்பா வைக்கிறவர்.

“தம்பி, நீ சொன்னது புரியுது. கரியமில வாயுவ நான் கண்ணால பாத்தது இல்ல. ஆனா மழை மாறிப்போச்சுங்கிறது எனக்கு நீ சொல்லாமலே தெரியும். இப்ப இதுக்கு நான் யார்கிட்ட போயி கேக்கணும்? அதச் சொல்லு.”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. “நல்ல கேள்விங்க ஐயா, அடுத்த மாசம் பேசுவோம்” என்று சமாளித்தேன். அந்தக் கேள்விதான் இரண்டாவது மாதத்தின் தலைப்பானது: ‘மக்களாட்சி இப்ப எப்படி இருக்கு?’ இந்த இரண்டு கூட்டங்களிலும் பேசியதை, உங்கள் ஊரிலும் நீங்கள் பேசிப் பார்க்க வசதியாக இங்கே தொகுத்துத் தருகிறேன்.

நூலகம் நம்ம காசு

பேச்சு நடத்த நூலகம்தான் வேண்டுமா, மரத்தடி போதாதா என்று நம்ம ஆட்களே கேட்டார்கள். மரத்தடியும் நல்லதுதான். ஆனால் நூலகத்துக்கு ஒரு தனித் தகுதி உண்டு. அது எந்தக் கட்சிக்கும், சாதிக்கும், கோயிலுக்கும் சொந்தமான இடம் கிடையாது. எல்லாரும் உள்ளே வரலாம்.

அதோடு, அது நம்ம காசில் நடக்கிறது. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலகத்துக்குப் போகிறது. 1948-ல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம்தான் இதற்கு அடிப்படை. விடுதலை பெற்ற இந்தியாவில் முதலில் வந்த பொது நூலகச் சட்டம் அதுதான். அதற்குப் பின்னால் நின்று பாடுபட்டவர் எஸ்.ஆர். ரங்கநாதன். 1892-ல் சீர்காழியில் பிறந்த, நம்ம படுகைக்காரர்.

உழவர்களுக்கும் நூலகத்துக்கும் உள்ள உறவு இன்னும் பழசு. 1931-ல் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலைச் சேர்ந்த கனகசபைப் பிள்ளை ஒரு மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். அதைத் தொடங்கி வைத்தவர் ரங்கநாதன். நெல் மூட்டை போன வண்டித்தடத்தில் புத்தகமும் போயிருக்கிறது. நாம் புதிதாக ஒன்றும் செய்துவிடவில்லை, விட்ட இடத்தில் இருந்து தொடர்கிறோம்.

முதல் பேச்சு: வானம் ஏன் இப்படி ஆனது?

சூரிய வெப்பம் பூமியில் விழுகிறது. அதில் ஒரு பங்கு திரும்பி வானத்துக்குப் போகிறது. காற்றில் இருக்கும் கரியமில வாயு, மீத்தேன் போன்ற சில வாயுக்கள் அதைக் கொஞ்சம் பிடித்து வைக்கின்றன. இது இல்லாவிட்டால் பூமி உறைந்துவிடும். அளவோடு இருந்தால் கம்பளி, அளவு மீறினால் காய்ச்சல்.

தொழிற்சாலைகள் பெருகுவதற்கு முன்பு காற்றில் பத்து லட்சம் பங்குக்குச் சுமார் 280 பங்கு கரியமில வாயு இருந்தது. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. நிலக்கரி, பெட்ரோலியம், எரிவாயு எரிப்பதும் காட்டை அழிப்பதும்தான் முதன்மைக் காரணம். 2021-ல் ஐ.நா.வின் அறிவியல் குழுவான ஐபிசிசி வெளியிட்ட அறிக்கை, பூமியின் சராசரி வெப்பம் ஏறத்தாழ 1.1 டிகிரி உயர்ந்துவிட்டது என்றது. 2015 பாரீஸ் ஒப்பந்தத்தில் உலக நாடுகள் இலக்காகப் பேசிய எல்லை 1.5 டிகிரி. 2024 என்ற தனி ஓர் ஆண்டில் அந்த எல்லையும் தாண்டப்பட்டது.

“ஒண்ணரை டிகிரிதானே, நம்ம ஊர்ல காலைக்கும் மத்தியானத்துக்குமே பத்து டிகிரி வித்தியாசம் இருக்கே” என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. நம்ம உடம்புச் சூடு ஒன்றரை டிகிரி ஏறினால் என்ன ஆகும்? படுத்துவிடுவோம். அதுபோலத்தான். இது ஒரு நாள் வெயில் அல்ல, முழுப் பூமியின் சராசரி.

இதில் உழவர்கள் நினைவில் வைக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. காற்று ஒரு டிகிரி சூடானால் அது சுமார் 7 விழுக்காடு கூடுதலாக நீராவியைத் தாங்கும். அதனால் இரண்டு வேலை நடக்கிறது. மண்ணிலிருந்தும் பயிரிலிருந்தும் ஈரத்தைக் கூடுதலாக உறிஞ்சுகிறது. பிறகு ஒரே மூச்சில் கொட்டுகிறது. ‘பேஞ்சும் கெடுக்குது, காஞ்சும் கெடுக்குது’ என்று நாம் சொல்கிறோமே, இரண்டுக்கும் ஒரே காரணம்தான்.

நம்ம அனுபவத்தை வரிசையாகக் கரும்பலகையில் எழுதினோம். 2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுக்க வறட்சி அறிவித்தார்கள். 2018 நவம்பர் 16-ல் கஜா. தென்னை சாய்ந்த வலி எங்கள் பக்கத்தில் இன்னும் ஆறவில்லை. 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரியிலும் அறுவடைக்கு நின்ற சம்பா, தாளடி மேல் மழை கொட்டியது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு முழு ஆண்டுக்குப் பெய்யும் சராசரியைவிட அது அதிகம். 2024-ல் குறுவைக்கு ஜூன் 12-ல் திறக்க வேண்டிய மேட்டூர் அணை ஜூலை 28-ல்தான் திறந்தது.

இதில் ஒவ்வொன்றையும் ‘காலநிலை மாற்றத்தால்தான்’ என்று தனித்தனியாக முத்திரை குத்த முடியாது. புயலும் வறட்சியும் நம்ம பாட்டன் காலத்திலும் இருந்தன. மேட்டூர் தாமதத்தில் மழையோடு மாநிலங்களுக்கு இடையிலான தகராறும் உண்டு. ஆனால் சூடேறிய வானம் இப்படிப்பட்ட ஆண்டுகளை அடிக்கடி தருகிறது, கடுமையாகத் தருகிறது என்பதில் அறிவியலுக்குச் சந்தேகம் இல்லை.

நெல்லுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. பூக்கும் நேரத்தில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுப் பதர் கூடும். இரவுச் சூடும் கெடுதல்தான். பகலில் சேர்த்த மாவுச்சத்தைப் பயிர் இரவில் மூச்சாகச் செலவழித்துவிடும். பிலிப்பைன்ஸில் இருக்கும் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வு 2004-ல் வந்தது. வறண்ட பருவத்தில் இரவுச் சூடு ஒரு டிகிரி கூடினால் மகசூல் 10 விழுக்காடு குறைந்ததை அது காட்டியது.

நம்ம வயலும் கணக்கில் உண்டு

இயற்கை உழவர்கள் கூடும் இடத்தில் இதைச் சொல்லத் தயங்கினேன். ஆனாலும் சொன்னேன். தண்ணீர் தேங்கி நிற்கும் நெல் வயலிலிருந்து மீத்தேன் வருகிறது. சேற்றில் காற்று இல்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் மட்கும் பொருளைத் தின்று அதை வெளியிடுகின்றன. இயற்கை வயல் என்பதால் இது நின்றுவிடாது. சொல்லப்போனால், பச்சை வைக்கோலையும் மட்காத தழையையும் சேற்றில் மிதித்து உடனே தண்ணீர் கட்டினால் மீத்தேன் கூடும். நன்றாக மட்கிய எரு போட்டால் குறையும்.

அதற்காகத் தக்கைப்பூண்டை விட்டுவிட வேண்டியதில்லை. மடக்கி உழுதபின் மட்க அவகாசம் கொடுங்கள். பிறகு காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் வையுங்கள். மண்ணில் மயிரிழை வெடிப்பு தெரியும்போது அடுத்த பாய்ச்சல். ஒற்றை நாற்று முறையில் நடுபவர்களுக்கு இது பழகிய வேலைதான். மண்ணுக்குக் காற்று கிடைப்பதால் மீத்தேன் பாதியளவு வரைகூடக் குறைகிறது. தண்ணீரும் மிச்சம்.

யூரியாவின் கதை வேறு. அதை உருவாக்கவே எரிவாயு எரிக்க வேண்டும். வயலில் போட்டபின் அதில் ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாகப் போகிறது. அது கரியமில வாயுவைப்போல 270 மடங்குக்கு மேல் சூட்டைப் பிடிக்கும் வாயு. அந்தக் கணக்கில் நாம் நல்ல இடத்தில் இருக்கிறோம்.

தாங்கும் திறனும் நம்ம கையில்தான் இருக்கிறது. மூடாக்கு, மட்கு நிறைந்த மண், வரப்போரம் மரம், ஒரே பயிரை நம்பாத கலப்புப் பயிர், ஊருக்கு ஏற்ற பாரம்பரிய விதை. தண்ணீர் நிற்கும் பள்ளத்துக்கு மாப்பிள்ளைச் சம்பாவும் உவர் நிலத்துக்குக் குழியடிச்சானும் நம்ம முன்னோர் பொறுக்கி வைத்த காப்பீடு.

ஆனாலும் ஒன்றைத் தெளிவாகப் பேச வேண்டும். ஆண்டுக்குத் தலைக்கு ஓர் இந்தியர் ஏறத்தாழ 2 டன் கரியமில வாயுவுக்குக் காரணம். ஓர் அமெரிக்கர் ஏறத்தாழ 14 டன். இந்தியாவுக்குள்ளேயும் குளிர்சாதன மாளிகைக்காரரும் கூலி வேலைக்குப் போகிறவரும் ஒரே கணக்கில் வர மாட்டார்கள். நம்ம ஒரு ஏக்கரைத் திருத்தினால் மட்டும் வானம் திருந்திவிடாது. வாய்க்கால் தூர்வாருவதும், விதைக்கும் இழப்பீட்டுக்கும் நிதி ஒதுக்குவதும், நிலக்கரியை எப்போது குறைப்பது என்பதும் யாரோ எடுக்கும் முடிவுகள். அந்த ‘யாரோ’ யார் என்பதுதான் பெரியவரின் கேள்வி.

இரண்டாவது பேச்சு: பஞ்சமும் மக்களாட்சியும்

1943 வங்காளப் பஞ்சத்தில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதைச் சிறுவனாக நேரில் பார்த்தவர் அமர்த்திய சென். 1998-ல் பொருளாதாரத்துக்கு நோபல் பரிசு பெற்றவர். பஞ்சம் என்பது வெறும் விளைச்சல் குறைவு அல்ல, உணவை வாங்கும் சக்தி மக்களிடம் இல்லாமல் போவது என்று அவர் ஆராய்ந்து காட்டினார். அதோடு, தேர்தலும் சுதந்திரமான பத்திரிகையும் ஒழுங்காக இயங்கும் நாட்டில் பெரும் பஞ்சம் வந்ததில்லை என்பது அவர் கண்ட முடிவு. காரணம் எளிது. பட்டினிச் செய்தி வெளியே வரும், ஆட்சியில் இருப்பவர் ஓட்டுக்குப் பயப்படுவார், உணவு வரும். சீனாவில் 1959 முதல் 1961 வரை நடந்த பஞ்சத்தில் கோடிக்கணக்கானோர் செத்தபோது அங்கே செய்தி சொல்லவும் ஆள் இல்லை, கேட்கவும் வழியில்லை.

இனி வரும் வறட்சிக்கும் வெள்ளத்துக்கும் இதே பாடம் பொருந்தும். மழை தப்புவது வானத்தின் கையில். மழை தப்பியதால் குடும்பம் கடனில் மூழ்குவது மனிதர் எடுக்கும் முடிவுகளின் கையில்.

சரி, நம்ம மக்களாட்சி எப்படி இருக்கிறது? கூட்டத்தில் ஆளுக்கொரு கருத்து. அதனால் நடந்தவற்றை மட்டும் வரிசையாக வைத்தோம்.

2020-ல் சூழல் தாக்க மதிப்பீட்டுக்கான புதிய வரைவு வந்தது. ஓர் ஆலையோ சுரங்கமோ வரும்போது ஊர் மக்களைக் கேட்க வேண்டுமா, எவ்வளவு நாள் கேட்க வேண்டும் என்பதையெல்லாம் மாற்றும் வரைவு. அது ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருந்தது. எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் மொழிபெயர்க்கச் சொல்லி ஜூன் 30-ல் டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. நம்ம மொழியில் இல்லாத கேள்விக்கு நாம் எப்படிக் கருத்துச் சொல்வது?

அதே ஆண்டு செப்டம்பரில் மூன்று வேளாண் சட்டங்கள் வந்தன. அவற்றில் இரண்டு, மாநிலங்களவையில் எதிர்க்கட்சிகள் எண்ணி வாக்கெடுக்கக் கேட்டும் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின. ஓராண்டுக்கும் மேலாக உழவர்கள் டெல்லி எல்லையில் உட்கார்ந்தார்கள். 2021 நவம்பரில் திரும்பப் பெற்றார்கள்.

சுவீடனில் இருக்கும் வி-டெம் நிறுவனம் 2021-ல் வெளியிட்ட அறிக்கை, தேர்தல் நடந்தாலும் எதேச்சாதிகாரம் உள்ள நாடு என்ற பட்டியலில் இந்தியாவைச் சேர்த்தது. இந்திய அரசு அதை ஏற்கவில்லை. 2024 பிப்ரவரியில் தேர்தல் பத்திரத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. கட்சிக்கு யார் பணம் தருகிறார்கள் என்று தெரிந்துகொள்வது வாக்காளரின் உரிமை என்றது. அதே ஆண்டு மார்ச்சில், கானமயில் பறவை பற்றிய வழக்கில், காலநிலை மாற்றத்தின் கேடுகளிலிருந்து பாதுகாப்புப் பெறுவதும் அரசமைப்புச் சட்டம் தரும் உரிமைதான் என்று அதே நீதிமன்றம் சொன்னது.

ஆக, படம் முழுக்கக் கறுப்பும் இல்லை, வெளுப்பும் இல்லை. பிறகு நம்ம ஊருக்கு வந்தோம். அங்கேதான் எல்லாருக்கும் சுருக்கென்றது.

அரசமைப்புச் சட்டத்தின் 73-வது திருத்தம் 1993 ஏப்ரல் 24-ல் நடைமுறைக்கு வந்தது. ஊராட்சிக்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை, காலம் முடியும் முன்பே, தேர்தல் நடத்த வேண்டும் என்கிறது அது. தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் ஊராட்சிகளின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2019 டிசம்பரில்தான் வந்தது, அதுவும் 27 மாவட்டங்களுக்கு. அப்படித் தேர்ந்தெடுத்தவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தபோதும் அடுத்த தேர்தல் நடந்திருக்கவில்லை. இரண்டு முறையும் தனி அலுவலர்கள் வந்தார்கள். மேலே ஆண்ட கட்சி இரண்டு முறையும் வேறு வேறு. வாய்க்கால் அடைத்தால் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்கும் தூரத்தில் இருந்தவர் ஊராட்சித் தலைவர். அந்த இடம் காலியாகும்போது யாரும் பெரிதாகச் சத்தம் போடவில்லை. நாமும்தான்.

கிராம சபை காலாவதி ஆகாது

இங்கேதான் பெரியவருக்கு முதல் பதில் கிடைத்தது. தலைவரும் வார்டு உறுப்பினர்களும் பதவிக்காலம் முடிந்து போகலாம். கிராம சபை போகாது. ஏனென்றால் அது தேர்ந்தெடுக்கப்பட்ட குழு அல்ல. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பேர் உள்ள எல்லாரும் சேர்ந்ததுதான் கிராம சபை. தனி அலுவலர் இருந்தாலும் கூட்டித்தான் ஆக வேண்டும்.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு நாள் இருந்தது. 2022 முதல் மார்ச் 22 உலக தண்ணீர் நாள், நவம்பர் 1 உள்ளாட்சி நாள் இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு ஆறு. வரவு செலவு வாசிக்க வேண்டும், ஊர் வளர்ச்சித் திட்டத்துக்கு ஒப்புதல் வாங்க வேண்டும். குறைந்தபட்ச வருகை எண்ணிக்கையும் உண்டு. 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர்.

அப்போது ஓர் அக்கா கேட்டார். “எங்களுக்கு நெலம் இல்லீங்க. குத்தகைக்குத்தான் பண்றோம். வெள்ளத்துல பயிரு எங்களோடது போவுது, நிவாரணம் நெலம் வச்சிருக்கவங்க கணக்குக்குப் போவுது. நாங்க வந்து பேசலாமா?” பேசலாம். கிராம சபைக்குப் பட்டாவோ சிட்டாவோ வேண்டாம். வாக்காளர் பட்டியலில் பேர் இருந்தால் போதும். காலநிலை மாற்றம் முதலில் அடிப்பது குத்தகைதாரரையும் கூலிக்குப் போகிற பெண்களையும்தான். அவர்கள் வாய் திறக்கிற இடமாகக் கிராம சபை இருந்தால்தான் அது மக்களாட்சி.

‘தீர்மானம் போட்டா என்ன நடந்துடப் போவுது’ என்ற அலுப்பும் வந்தது. இரண்டு உதாரணம் சொன்னோம். ஒடிசாவின் நியாம்கிரி மலையில் பாக்சைட் சுரங்கம் வேண்டுமா என்று கிராம சபைகளையே கேட்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். 2013-ல் 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. சுரங்கம் வரவில்லை. நம்ம மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி, 2022-ல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். அந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு 2024-ல் ஏலம் விட்டார்கள். மேலூர் வட்டார ஊர்கள் கிராம சபையில் தீர்மானம் போட்டன, தெருவுக்கு வந்தன. டிசம்பரில் சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. வெறும் தாளில் எழுதிய தீர்மானம் மட்டும் இதைச் செய்யவில்லை. ஆனால் தாளில் இல்லாமல் இருந்திருந்தால் போராட்டத்துக்குப் பிடிமானம் இருந்திருக்காது.

பிறகு ‘யாரைக் கேட்பது’ என்று கரும்பலகையில் ஒரு பட்டியல் போட்டோம். ஊர்க்குளம், ஊராட்சி வாய்க்கால் என்றால் கிராம சபை. ஆற்று வாய்க்கால், மதகு என்றால் நீர்வளத் துறை, ஆட்சியர் நடத்தும் மாதாந்திர உழவர் குறைதீர்க் கூட்டம். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் தளர்த்த வேண்டும் என்றால், எடை போடுகிற ஊழியரோடு சண்டை போட்டுப் பயனில்லை. அந்த முடிவு ஒன்றிய அரசுடையது. மாநில அரசு கேட்க வேண்டும், நம்ம நாடாளுமன்ற உறுப்பினர் பேச வேண்டும். காவிரி நீர்ப் பங்கு என்றால் காவிரி நீர் மேலாண்மை ஆணையம். பதில் வராத எதற்கும் தகவல் உரிமைச் சட்டம் 2005, பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில்.

‘இங்க அரசியல் பேசாதீங்க’

இரண்டாவது கூட்டம் முடிந்த வாரம் ஒரு புகார் போனது. நூலகத்தில் அரசியல் பேசுகிறார்கள் என்று. மேலே இருந்து கேள்வி வரவே நூலகர் சங்கடப்பட்டார். “எனக்கு வேலைக்குப் பிரச்சினை வந்துடக் கூடாதுங்க” என்றார். அவர் மேல் தப்பில்லை. மூன்றாவது மாதம் கூட்டம் நடக்கவில்லை.

நாங்கள் கோபப்படாமல் ஒரு கடிதம் எழுதினோம். எந்தக் கட்சிக்கும் ஓட்டுக் கேட்கவில்லை, கேட்க மாட்டோம். கட்சிக் கரைவேட்டி, கொடி, துண்டறிக்கை கிடையாது. தலைப்பையும் பேசுபவர் பெயரையும் பத்து நாள் முன்பே அறிவிப்புப் பலகையில் போடுகிறோம். மாற்றுக் கருத்து உள்ளவருக்கு அதே அளவு நேரம் தருகிறோம். முப்பத்தேழு பேர் கையெழுத்துப் போட்டோம். புகார் கொடுத்ததாக நாங்கள் நினைத்தவரையும் போய்ப் பார்த்து, “அண்ணே, நீங்களும் வந்து பேசுங்க” என்று அழைத்தோம். நான்காவது மாதம் கூட்டம் மீண்டும் நடந்தது. அவர் வந்தார். பேசவில்லை. ஆனால் முழுக்க உட்கார்ந்து கேட்டார்.

கட்சி அரசியல் வேறு, பொதுக் காரியம் வேறு என்பதை நாங்கள் அப்போதுதான் சரியாகக் கற்றுக்கொண்டோம். மழை, மதகு, விதை, விலை இதைப் பற்றிப் பேசக்கூடாது என்றால் நூலகத்தில் வேறு எதைத்தான் பேசுவது?

மழைக் குறிப்பேடு

பேச்சோடு நின்றுவிடக் கூடாது என்று ஒரு சின்ன வேலை தொடங்கினோம். நேரான சுவர் உள்ள ஓர் அகலக் கண்ணாடிக் குவளை, ஒரு பள்ளிக்கூட அளவுகோல். நூலக வளாகத்தில் மரமும் கூரையும் மறைக்காத இடத்தில் வைத்திருக்கிறோம். தினம் காலை எட்டரை மணிக்கு அளந்து ஒரு நோட்டில் எழுதுகிறோம். ஒரு ஏக்கரில் 1 மில்லிமீட்டர் மழை என்பது ஏறத்தாழ 4,000 லிட்டர் தண்ணீர். இந்தக் கணக்கைச் சொன்னதும் பள்ளிப் பிள்ளைகள்தான் முதலில் பென்சிலை எடுத்தார்கள்.

அதே நோட்டில் உழவர்களும் எழுதுகிறார்கள். எந்தத் தேதியில் நாற்று விட்டோம், வாய்க்காலில் தண்ணீர் என்று வந்தது, பூ எப்போது பிடித்தது, எத்தனை நாள் வயலில் தண்ணீர் நின்றது, எந்த ரகம் தாங்கியது. இது அரசு ஆவணம் ஆகாது. ஆனால் பயிர்க் காப்பீட்டில் ஒரு கிராமத்துக்கே மாதிரி அறுவடை வைத்துத்தான் இழப்பைக் கணக்கிடுகிறார்கள். எந்த வயலில், எந்தத் தேதியில் மாதிரி எடுத்தீர்கள் என்று கேட்கவும், அந்த வாரம் இங்கே என்ன நடந்தது என்று சொல்லவும் நம்மிடம் ஒரு கணக்கு வேண்டும். ‘ரொம்ப மழைங்க’ என்று சொல்வதற்கும் ‘மூணு நாள்ல 212 மில்லிமீட்டர்ங்க’ என்று சொல்வதற்கும் அதிகாரியின் முகத்தில் வித்தியாசம் தெரியும்.

கடைசியாக நடந்த கிராம சபைக்கு அந்த நோட்டோடு போனோம். வடிகால் வாய்க்காலைத் தூர்வாரத் தீர்மானம் எழுதச் சொல்லி, பதிவேட்டில் ஏறும்வரை எழுந்து போகவில்லை. நகலும் வாங்கினோம். இதுவரை பாதி வாய்க்கால்தான் தூர்வாரியிருக்கிறார்கள். மீதிக்கு அடுத்த கிராம சபையில் கேட்போம்.

உங்கள் ஊரில் தொடங்க

நூலகரிடம் முதலில் பேசுங்கள், வாசகர் வட்டத்தில் சேருங்கள். கூட்டத்தை அறுவடை, நடவு வாரங்களில் வைக்காதீர்கள். பெண்கள் வரக்கூடிய நேரமாகப் பாருங்கள். எங்களுக்கு மாலை நாலரை மணி சரியாக வந்தது. பேச்சு அரை மணி, கேள்வி ஒரு மணி என்று வையுங்கள். நான் முதல் கூட்டத்தில் இதைத் தலைகீழாகச் செய்தேன். வேளாண் அலுவலர், ஆசிரியர், வழக்கறிஞர் என்று வெளியாட்களை அழைக்கலாம். ஆனால் மூன்றில் ஒரு பேச்சாவது ஊர் உழவர் பேசுவதாக இருக்கட்டும். ஒவ்வொரு கூட்டமும் ஒரு வேலையோடு முடியட்டும். ஒரு மனு, ஓர் அளவீடு, ஒரு விதைப் பகிர்வு, எதுவானாலும் சரி.

நம்மாழ்வார் ஐயா 2013 டிசம்பர் 30-ல் பட்டுக்கோட்டை அருகே காலமானார். மீத்தேன் திட்டத்தை எதிர்த்து ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. மண்ணைக் காப்பதும் ஊரைக் கூட்டிப் பேசுவதும் அவருக்கு ஒரே வேலையாகத்தான் இருந்தது.

அந்தப் பெரியவர் இப்போது எங்கள் மழைக் குறிப்பேட்டின் பொறுப்பாளர். காலை எட்டரைக்குச் சைக்கிளில் வந்துவிடுவார். போன வாரம் என்னைப் பார்த்ததும், “தம்பி, மார்ச் 22-க்கு எத்தன பேரு வரணும்? நூறு தானே? நம்ம தெருவுல முப்பது பேர நான் கூட்டியாறேன். மிச்சத்த நீ பாத்துக்க” என்றார்.

மிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீங்களும் உங்கள் ஊரில் பாருங்கள்.